கப்ளரில் வரும் ஆயிலைக் கப்ளரில் அடைக்க முடியாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மோட்டார் சைக்கிளில், பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் ரெகுலேட்டருக்குப் போகும் கப்ளரில் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பான்) எஞ்சின் ஆயில் கசிகிறது, என்ன செய்யலாம் என்று தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கப்ளரைப் பெட்ரோலில் கழுவி, உள்ளே சிலிகான் நிரப்பினால் போதும் என்று பதில் வந்திருந்தது. அப்படிச் செய்தால் சில வாரம் கசிவு நின்ற மாதிரிதான் இருக்கும். பிறகு ஆயில் கப்ளரின் பின்பக்கமாக வெளியே வரும். அதற்குள் சிலிகான் இறுகிப்போய், நாளைக்கு ரெகுலேட்டர் மாற்ற வேண்டியிருந்தால் கப்ளரை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். புளிப்பு வாடை அடிக்கும் மலிவு சிலிகானாக இருந்தால் வயர் முனையில் பொருத்திய செப்பு டெர்மினலையும் அரித்துவிடும்.

இப்போது ஓடும் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் மின்சாரம் தயாரிக்கும் மேக்னட் காயில் இடப்பக்கக் கவருக்குள், எஞ்சின் ஆயில் தெறிக்கும் இடத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து வயர்கள் ஒரு ரப்பர் கிரோமெட் (வயர் வெளிவரும் துளையை அடைக்கும் ரப்பர்) வழியாக வெளியே வந்து, டேங்குக்கு அடியிலோ சீட்டுக்கு அடியிலோ உள்ள கப்ளரில் முடிகின்றன. ஆயில் கிரோமெட்டின் ஓரமாகக் கசிந்து வரலாம். அது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத வழி வயரின் உள்ளே இருக்கிறது. செப்பு இழைகளுக்கு இடையிலுள்ள சந்து வழியாக, விளக்குத் திரி எண்ணெய் குடிப்பதுபோல, ஆயில் ஏறுகிறது. கிராங்க் கேஸ் எனும் எஞ்சின் கூட்டுக்குள் உள்ள காற்றழுத்தமும் பின்னாலிருந்து தள்ளுகிறது. வயரின் மேல் உறை அதை வெளியே விடாது. அதனால் உறை முடியும் இடம் வரை பயணம் செய்து, கப்ளர் டெர்மினலில்தான் முதன்முதலாக வெளியே வருகிறது. காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயரும் காய்ந்திருக்க, கப்ளர் மட்டும் நனைந்திருப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

எந்த வழி என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். வயர்களை மூடியுள்ள கறுப்பு ஸ்லீவைக் கப்ளர் பக்கம் ஓர் அங்குலம் கீறிப் பாருங்கள். ஸ்லீவின் உட்புறமும் வயர்களின் மேற்புறமும் நனைந்திருந்தால் குற்றவாளி கிரோமெட். ஆயில் ஸ்லீவுக்குள் வழிந்து வருகிறது. ஸ்லீவுக்குள் உலர்வாக இருந்து, டெர்மினலின் வால் பகுதி மட்டும் ஈரமாக இருந்தால் ஆயில் வயருக்குள் ஏறியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

கவரைத் தொடுமுன் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருந்தாலோ, உள்காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் மடங்கியோ அடைத்தோ இருந்தாலோ உள்ளே அழுத்தம் கூடும். பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சினிலும் இதே கதைதான். இவற்றைச் சரிசெய்யாமல் புது கிரோமெட் போட்டால் அதுவும் நிற்காது.

கவரைக் கழற்ற ஆயிலை வடிப்பதே முறை. சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்வதால் ஆயில் முழுக்க மேக்னட் பக்கம்தான் தேங்கும் என்பதை மறக்க வேண்டாம். போல்ட்டுகள் ஒரே நீளமாக இருக்காது. ஓர் அட்டையில் கவரின் வடிவம் வரைந்து, எடுத்த இடத்திலேயே குத்தி வையுங்கள். காயில் கவரிலேயே பொருத்தப்பட்டிருந்தால் காந்தம் அதை உள்ளே இழுக்கும். நேராக இழுத்து எடுக்க வேண்டும், விரலைக் கொடுத்துவிடக் கூடாது. கவருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள பழைய பேக்கிங்கைச் சுரண்டப் பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியே போதும். பிளேடு போட்டால் அலுமினியத்தில் விழும் ஒரு கோடே அடுத்த கசிவாகிவிடும்.

கிரோமெட் நகத்தால் அழுத்தினால் அமுங்காத அளவுக்கு இறுகியிருந்தால் அது முடிந்தது. தனியாகக் கிடைக்காத வண்டிகளில் காயிலோடுதான் வரும். ரப்பர் நன்றாக இருந்தால், அதையும் அது உட்காரும் பள்ளத்தையும் பிரேக் கிளீனரில் துடைத்து, ஆயில் தாங்கும் ஆர்.டி.வி. சிலிகானை (சூடாக்காமலே தானாக இறுகும் வகை) மெல்லிய படலமாகத் தடவிப் பொருத்தலாம். பிதுங்கும் அளவுக்குத் தடவக் கூடாது. உள்பக்கம் பிதுங்கிய துண்டு உதிர்ந்து ஆயில் வடிகட்டியை அடைத்தால் எஞ்சினே போய்விடும். ஒரு நாள் உலரவிட்டு ஆயில் ஊற்றுங்கள்.

வயருக்குள் ஏறும் ஆயிலைத் தடுக்க, அதன் பாதையை சால்டர் ஈயத்தால் அடைக்க வேண்டும். கிரோமெட்டிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் தள்ளி, ஒவ்வொரு வயரிலும் 10 முதல் 12 மில்லிமீட்டர் நீளத்துக்கு உறையை நீக்கி, அந்த இடத்தில் வயரை வெட்டுங்கள். மூன்று வயரையும் ஒரே வரிசையில் வெட்டாமல் இரண்டு இரண்டு சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி வெட்டினால் இணைப்பு பருக்காது. இதில் பலர் தோற்கும் இடம் ஒன்று உண்டு: ஆயில் குடித்த செம்பில் ஈயம் ஒட்டாது. உருண்டையாக மேலே நிற்கும், உள்ளே இறங்காது. இழைகளைப் பிரித்து கான்டாக்ட் கிளீனர் அடித்து, டிஷ்யூவில் பிழிந்து, டிஷ்யூவில் கறை வராத வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். இழை கறுத்திருந்தால் பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். ஆயில் வடித்துவிட்ட பிறகு இதைச் செய்தால்தான் புது ஆயில் ஊறி வந்து வேலையைக் கெடுக்காது.

பிறகு இரு முனைகளையும் பின்னிச் சேர்த்து, ரோசின் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பிசின்) உள்ள ஈயத்தை 60 வாட் சால்டரிங் அயர்னால் ஏற்றுங்கள். 25 வாட் அயர்ன் இந்தத் தடிமனுக்குச் சூடு போதாது. ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம். ஈயம் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஊறி, கட்டு முழுதும் ஒரே கம்பியாகிவிட வேண்டும். மேலே, முன்பே வயரில் கோத்து வைத்த, உட்புறம் பசை தடவிய ஷ்ரிங்க் ஸ்லீவை (சூட்டில் சுருங்கும் உறை), இருபக்கமும் பழைய உறையின் மேல் ஏறும்படி போட்டுச் சூடாக்குங்கள். ஓரத்தில் பசை கசிந்து தெரிந்தால் அடைத்துவிட்டது என்று பொருள். வெறும் இன்சுலேஷன் டேப் ஆயிலில் பிசுபிசுத்து அவிழ்ந்துவிடும். ஈயம் ஏறிய இடம் விறைத்துப்போவதால் அதிர்வில் அதன் விளிம்பில்தான் வயர் முறியும். ஆகவே இணைப்புகளை ஃபிரேமோடு சேர்த்துக் கிளிப் போட்டு ஆடாமல் கட்டுங்கள்.

அதே கிரோமெட் வழியாக வரும் பிக்கப் காயில் (எஞ்சின் சுழற்சியை உணரும் காயில்) வயர், நியூட்ரல் ஸ்விட்ச் வயர் ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது. ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் அந்த மெல்லிய வயர் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வின் கப்ளர் வரை ஆயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

கப்ளர் கருகியிருந்தால் பழியை ஆயில் மேல் போடுவது வழக்கம். ஆயில் மின்சாரம் கடத்தாது; கருகுவதற்குக் காரணம் தளர்ந்த டெர்மினல். ஆயிலில் ஒட்டிய தூசி அதற்குத் துணை போகிறது, அவ்வளவே. உருகிய கப்ளரில் ஆண், பெண் இரு டெர்மினலையும் புதிதாகக் கிரிம்ப் செய்து (வயரில் நெருக்கி இறுக்கி) மாற்றுங்கள். பெட்ரோலுக்குப் பதில் கான்டாக்ட் கிளீனரே நல்லது. சூடான எஞ்சின் பக்கம் பெட்ரோல் துணியோடு நிற்பது தீயோடு விளையாடுவது.

கப்ளரைக் கழற்றிய கையோடு மல்டிமீட்டரில் காயில் பக்கத்து மூன்று வயரையும் இரண்டிரண்டாக வைத்து மின்தடையை அளந்து பாருங்கள். மூன்று அளவும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும், பாடியோடு தொடர்பு காட்டக் கூடாது. (காயிலின் ஒரு முனையை எர்த் செய்த பழைய சிறு வண்டிகளில் காட்டும், பயப்பட வேண்டாம்.) எல்லாம் மாட்டியபின் வேகம் கூட்டினால் பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும்.

பழைய இரும்பு எஞ்சின் புல்லட் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. அதில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் பிரைமரி கேஸுக்குள் (கிளச்சும் பிரைமரி செயினும் இருக்கும் கூடு), தனி ஆயிலில் இருக்கிறது. வயர் வெளிவரும் இடத்தில் கசிந்தால் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆயில் அளவு பார்க்கும் லெவல் ஸ்குரூவைத் திறந்து மிச்சத்தை வடியவிடுங்கள். பல நேரம் அதிகம் ஊற்றியதே காரணம். ஊற்றாமலே அளவு ஏறிக்கொண்டு வந்தால் கிராங்க் சீல் வழியாக எஞ்சின் ஆயில் உள்ளே வருகிறது. அதை கிரோமெட்டில் தேடிப் பயனில்லை.

வேலை முடிந்தும் சில நாள் கப்ளரில் ஈரம் தெரியும். இணைப்புக்கு அப்பால் வயருக்குள் முன்பே ஏறியிருந்த ஆயில் அது. கப்ளரைக் கழற்றி, வாய் கீழ்நோக்கி ஓர் இரவு தொங்கவிட்டால் சீக்கிரம் வடியும். அதைப் பார்த்துவிட்டு இணைப்பைப் பிரிக்க வேண்டாம். துடைத்துவிட்டு ஓட்டுங்கள், ஒவ்வொரு முறையும் கறை குறைந்துகொண்டே வந்தால் சரி. குறையாமல் அதே அளவில் வந்தால் ஏதோ ஒரு வயரில் ஈயம் முழுதாக இறங்கவில்லை. எந்த டெர்மினல் நனைகிறதோ அந்த வயரை மட்டும் திரும்பச் செய்தால் போதும்.

இப்படிக்கு,
இரு சக்கர வாகன எலக்ட்ரீஷியன்,
ஈரோடு.