அக்காவுக்கு, டொராண்டோவிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கார்த்திகையிலேயே வந்துவிட்டது. பதில் போடாமல் இழுத்ததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். போனில் பேசினால் மச்சான் பக்கத்தில் இருப்பார் என்பதால், நானும் கடிதமாகவே அம்மா வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். வீடு மாறியிருக்கிறேன். தரைக்குக் கீழே ஓர் அறை, குளிருக்குக் கதகதப்பு. இப்போது வாரத்தில் நான்கு நாள்தான் வேலை, நல்ல ஓய்வு. பனிக்காலத்தில் இங்கே கல்யாணம் குறைவு.

அதற்கும் இவன் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்பாள். சிவகாசியில் கல்யாணப் பத்திரிகை அடித்தவன் இங்கேயும் கல்யாணக் காகிதம்தான் அடிக்கிறேன். பாதர்ஸ்ட் தெருப் பக்கம் யூதர்கள் நிறைய. அவர்கள் கல்யாணத்தில் கெத்துபா என்று ஓர் ஒப்பந்தம் உண்டு. ஓரத்தில் மாதுளை, திராட்சைக்கொடி, எருசலேம் மதில், நடுவில் அரமேயம் என்ற பழைய மொழியில் வாசகம். பிறகு சட்டம் போட்டு வீட்டில் மாட்டிக்கொள்வார்கள். பிள்ளைக்குப் பெயர் வைத்ததற்கு, புது வீட்டுக்கு என்று வேறு காகிதங்களும் கேட்டு வருவார்கள். ஆனால் முதலாளிக்கு உயிர் கெத்துபாதான்.

எனக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. ஆனால் அதில் தாலேத் என்ற எழுத்துக்கும் ரேஷ் என்ற எழுத்துக்கும் ஒரு மூலைதான் வித்தியாசம். அதைப் பிடிக்க அப்பா பழக்கிய கண் போதும். வேடிக்கை என்னவென்றால், சில ரபிகள், அதாவது அவர்களுடைய குருமார், ஒரு சொல்லில் கோஃப் என்ற எழுத்தின் காலை வேண்டுமென்றே விட்டு அடிக்கச் சொல்வார்கள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை கைக்குட்டையைப் பிடித்துக் கடமையை ஏற்ற பிறகுதான் அந்தக் காலைப் பேனாவால் இழுத்து முடிப்பார்கள். அப்பா பார்த்திருந்தால் எழுத்து உடைந்திருக்கிறது என்று மிஷினை நிறுத்தியிருப்பார்.

மேல் வீட்டு யூதப் பாட்டிதான் கெத்துபாவின் அர்த்தத்தை எனக்குச் சொன்னார். அவர் ஒரு தனி ரகம். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் மறுநாள் இருட்டும்வரை விளக்கைத் தொடமாட்டார், என்னைப் போடச் சொல்லவும் கூடாதாம். படியில் நின்று, "ஐயோ, உள்ளே எவ்வளவு இருட்டு" என்று வானத்தைப் பார்த்துச் சொல்வார். நான் போய்ப் போட்டுவிட்டு வருவேன். வெள்ளிக்கிழமையே அடுப்பேற்றி ராத்திரி முழுக்கச் சூட்டில் வைத்த பயறு, பார்லி, உருளைக்கிழங்கு, இறைச்சி எல்லாம் சேர்ந்த சோலெந்து ஒரு கிண்ணம் கிடைக்கும். காரமே கிடையாது. அவர் பார்க்காதபோது மிளகாய்ப்பொடி தூவிக்கொள்வேன்.

பாட்டி சொன்னது இது: அந்தக் காகிதம் பெண்ணுக்குச் சொந்தம். சோறு, துணிமணி தருவது புருஷன் கடமை. அவன் விலக்கி வைத்தாலோ செத்துப்போனாலோ 200 சூஸ் அவளுக்கு; சூஸ் என்பது அந்தக் காலத்து வெள்ளிக்காசு. விதவையைக் கட்டினால் 100. அதற்கு அவன் சொத்து முழுக்கப் பொறுப்பு, தோளில் கிடக்கும் போர்வை உட்பட! உறவில்லாத இரண்டு சாட்சிகள் கையெழுத்து. பந்தலுக்குக் கீழே எல்லோர் காதிலும் விழ வாசித்து அவள் கையில் கொடுப்பார்கள். தொலைந்தால் வேறு எழுதும்வரை சேர்ந்து வாழக்கூடாதாம். இப்போதைய பிள்ளைகள் பலர் இருவருக்கும் பொதுவாக அன்பு, மரியாதை என்று எழுதச் சொல்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. எனக்கென்னவோ அந்தப் போர்வைதான் பிடித்திருக்கிறது.

போகி ராத்திரி எட்டு மணிக்கு, அங்கே விடிந்து பானை வைத்திருப்பீர்கள் என்று கணக்குப் போட்டபடி அடுப்புப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். போன் போடவில்லை. குரல் காட்டிக்கொடுத்துவிடும். சரி, அதை விடு.

இனி பாப்பா கல்யாண விஷயத்துக்கு வருவோம். மாப்பிள்ளை வீட்டார் கேட்ட நகையைப் போடு, மறுக்கவில்லை. ஆனால் உன் சங்கிலி அடகுக் கடைக்குப் போய்த் திரும்பாத கதை நம் எல்லோருக்கும் தெரியும். நிச்சயத்தன்று லக்னப் பத்திரிகை வாசித்ததும், எந்த நகை எத்தனை பவுன் என்று பட்டியல் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கு. ரசீதெல்லாம் பாப்பா பெயரில், லாக்கரும் அவள் பெயரில். மச்சான் முகம் சுளித்தால் தம்பி சொன்னான் என்று சொல்.

என் பங்கு பணம் மாசிக்குள் வரும். கொஞ்சம் முன்பின் ஆனால் மண்டபக்காரரிடம் தவணை கேள், வெளியில் கடன் வாங்காதே. அம்மாவின் கண் ஆபரேஷனைக் கல்யாணத்துக்கு முன்பே முடித்துவிடு.

பத்திரிகை நம் பழைய அச்சகத்திலேயே கொடு. புரூஃபை எனக்கு அனுப்பாமல் அச்சுக்கு விடாதே. போன தடவை சித்தப்பா பெயர் விட்டுப்போய் அவர் பந்திக்கே உட்காரவில்லை.

இப்படிக்கு,
உன் தம்பி