ஒரே ஒரு நவம்பர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு அரசு கலைக் கல்லூரியின் வாசலுக்கு எதிரே 14 வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு லேமினேஷன் மெஷின். டிஎன்பிஎஸ்சி, போலீஸ் வேலை, உதவித்தொகை, சாதிச் சான்றிதழ் என எந்த விண்ணப்பம் எந்த மாதம் வரும் என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் கோடை விடுமுறையில் ஆராய்ச்சி நிறுவனங்களில் பயிற்சி பெற விண்ணப்பிக்க வேண்டும் என்று என் கடைக்கு வந்தவர்கள் இத்தனை வருஷத்தில் 11 பேர்தான். அதில் ஒருத்தி என் மகள்.

பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய மூன்று ஊர்களிலும் உள்ள அறிவியல் அகாடமிகள் சேர்ந்து ஆண்டுதோறும் இப்படி ஒரு பயிற்சி நடத்துகின்றன. தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் கீழ் வேலை பார்க்கலாம், உதவித்தொகையும் உண்டு. மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையம், புனேயின் வானியல் மையம் எல்லாம் தனித்தனியாக ஆள் எடுக்கின்றன. “அதெல்லாம் ஐஐடி பசங்களுக்கு” என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மகளுக்காக அந்த ஃபார்மைத் திறந்து முழுதாகப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நம் கல்லூரிப் பிள்ளைகள் வரக்கூடாது என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அவர்கள் வர முடியாதபடி காலண்டர் அமைந்திருக்கிறது.

கணக்கு இதுதான். கோடைப் பயிற்சிக்கு முந்தைய நவம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பி.எஸ்சி. மூன்று வருஷம். முதல் வருஷம் நவம்பரில் பிள்ளை கையில் ஒரு செமஸ்டர் மதிப்பெண்கூட இருக்காது. கடைசி வருஷம் படிப்பவர்களைச் சில இடங்களில் எடுப்பதில்லை. எடுத்தாலும் ஜூன் மாதம் அவர்கள் எந்தக் கல்லூரியிலும் இல்லாத ஆட்கள். மிச்சம் இருப்பது இரண்டாம் வருஷத்து நவம்பர் ஒன்றுதான். ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனத்தில் ஐந்து வருஷப் படிப்பு படிக்கும் மாணவர் ஒரு தடவை தவறினால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் பிள்ளைக்கு அது கிடையாது. அந்த நவம்பரில் காட்ட இருப்பதோ முதல் இரண்டு செமஸ்டர் மதிப்பெண்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டி, கணிதத்தில் ஒரு அரியர் வைத்து, மூன்றாவது செமஸ்டரில்தான் நிமிர்ந்து உட்காரும். அந்த நிமிர்தல் ஃபார்மில் தெரியாது.

சரி, விண்ணப்பிக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். “என்ன செய்ய ஆசைப்படுகிறாய்” என்று சில வரிகள் எழுதச் சொல்வார்கள். என் கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் தொடங்கியது ஒரே வரியில்தான்: சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம். டைப் செய்து கொடுத்தவன் என்பதால் சொல்கிறேன், இணையத்திலிருந்து எடுத்த வரி அது. படிக்கிறவர் தூக்கி ஓரமாக வைப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. என் மகளும் முதலில் அதையே கொண்டு வந்தாள். “லேபில் நீ என்னம்மா பண்ணுன?” என்று கேட்டேன். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி ஒரே கோடு இல்லையாம். 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடாம். அவர்கள் கல்லூரியின் பழைய ஸ்பெக்ட்ரோமீட்டரில் கிரேட்டிங்கை, அதாவது ஒளியைப் பிரிக்கும் நெருக்கமான கோடுகள் போட்ட தகட்டை, வைத்துப் பார்த்தபோது முதல் வரிசையில் இரண்டும் ஒட்டிக்கொண்டே தெரிந்ததாம். இன்னும் பக்கவாட்டில் விழும் இரண்டாம் வரிசைக்குத் திருப்பியபோதுதான் தெளிவாகப் பிரிந்ததாம். சொல்லும்போது கையையே டெலஸ்கோப் மாதிரி திருப்பிக் காட்டினாள். “இதையே எழுது” என்றேன். நான் பி.காம். எனக்கே கேட்க நன்றாக இருந்தது.

அடுத்த தடை பரிந்துரைக் கடிதம். பல இடங்களில் இப்போது கடிதம் அனுப்புவதற்கான லிங்க் ஆசிரியரின் மின்னஞ்சலுக்கே நேராகப் போகிறது. அவர் அதைத் திறந்து எழுதி அனுப்ப வேண்டும். எங்கள் எதிர்க் கல்லூரியில் பாடம் எடுப்பவர்களில் நிறையப் பேர் கௌரவ விரிவுரையாளர்கள். மாலையில் வேறொரு வேலைக்கு ஓடுகிறவர்களும் அவர்களில் உண்டு. கடைசி நாளன்று ஒரு மாணவன் ராத்திரி எட்டரை மணி வரை என் கடையில் உட்கார்ந்து சாருக்குப் போன் மேல் போன் போட்டான். அவர் பஸ்ஸில் இருந்தார், சிக்னல் இல்லை. கல்லூரி எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்து, நவம்பரில் ஒரே ஒரு மதியத்தை இதற்கென்று ஒதுக்கினால் தீர்ந்துபோகிற விஷயம் இது.

தேர்வானவர் கதையும் ஒன்று சொல்ல வேண்டும். என் கடையில் விண்ணப்பித்த வேதியியல் மாணவி ஒருத்திக்கு இரண்டு வருஷத்துக்கு முன் பெங்களூரில் இடம் கிடைத்தது. மே இரண்டாவது வாரம் சேர வேண்டும். டிக்கெட் பிரிண்ட் எடுத்ததும் இங்கேதான். ஏப்ரலில் முடியவேண்டிய செமஸ்டர் தேர்வைப் பல்கலைக்கழகம் தள்ளிவைத்தது, பிறகு இன்னொரு தடவையும் தள்ளிவைத்தது. கடைசித் தாள் ஜூன் முதல் வாரம். தாமதமாகச் சேரலாமா என்று எழுதிக் கேட்டாள். மறுமொழி வரவில்லை. அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்துதான் டிக்கெட்டை ரத்து செய்தாள். 60 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார்கள் என்று பிறகு சொன்னாள். தேர்வு அட்டவணை போடுகிறவர்களை நான் கேட்பது இதுதான்: இரண்டாம் ஆண்டு அறிவியல் தேர்வுகளையாவது ஏப்ரலுக்குள் முடியுங்கள். முடியாவிட்டால், தேர்வான பிள்ளைக்கு விடுபட்ட தாளை ஜூலையில் எழுத வழி செய்யுங்கள்.

என் மகளுக்கு இந்த வருஷம் எங்கேயும் கிடைக்கவில்லை. நான்கு இடத்திலிருந்து வருத்தம் தெரிவித்து மெயில் வந்தது, ஐந்தாவது இடத்திலிருந்து அதுகூட வரவில்லை. ஆகவே மகளின் வெற்றியைச் சொல்லிக்கொள்ள எழுதும் கடிதம் இல்லை இது. அவளுடைய நவம்பர் போய்விட்டது. ஆனால் இப்போது இரண்டாம் ஆண்டு படிப்பவர்களின் நவம்பர் இன்னும் வரவில்லை. தங்கள் நாளிதழ் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வங்கித் தேர்வுக்கு முழு நீளம் தருகிறது. அக்டோபரில் இதற்கு ஒரு கால் பக்கம் கொடுங்கள்.

சர் சி.வி. ராமன் 1907இல் அரசு நிதித்துறை வேலைக்காகக் கல்கத்தா போனபோது, டிராமில் போகும் வழியில் ஒரு அறிவியல் சங்கத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே போய்க் கேட்டாராம். அப்புறம் வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் அங்கேயே ஆராய்ச்சி. 1934இல் அவர் நிறுவியதுதான் பெங்களூரு அகாடமி. கல்லூரி அறிவிப்புப் பலகையில் தேர்வுக் கட்டணம், அபராதக் கட்டணம் இரண்டும்தான் தொங்குகின்றன. அதனால் என் கடை வாசலில் நானே ஒரு கரும்பலகை மாட்டி, நிறுவனங்களின் பெயர்களைச் சாக்பீஸால் எழுதியிருக்கிறேன். அகாடமி பயிற்சிக்குக் கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்பதைக் கடைசி வரியாகச் சேர்த்தேன்.

போன வாரம் இயற்பியல் சார் ஒருவர் விடைத்தாள் கட்டை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டு அதைப் படித்துக்கொண்டு நின்றார். “எங்களுக்குமா?” என்றார். ஆமாம் சார் என்றேன். கடைசித் தேதி எப்போது என்று கேட்டு, கையில் பேப்பர் இல்லாததால் விடைத்தாள் கட்டின் மேலேயே குறித்துக்கொண்டு போனார்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்

(பெயரும் ஊரும் வேண்டாம். எதிரே இருக்கும் கல்லூரிதான் எனக்குப் பிழைப்பு.)