மீன்குளத்துப் பாசிக்கு 4,650 வெள்ளி

அன்புள்ள அண்டைவீட்டாருக்கு,

வணக்கம். யாரும் இறங்காத நீச்சல் குளத்தை மீன்குளமாக்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. தொடக்கத்தில் அடியில் பதித்த நீல ஓடுகளை எண்ண முடிந்தது. இன்று முழங்கை வரை கைவிட்டால் விரல்கள் தெரிவதில்லை. முருங்கைக்கீரையை அரைத்துக் கரைத்தது போல் இருக்கிறது.

துப்புரவு போதவில்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். கோளாறு துடைப்பத்தில் இல்லை. 1.2 மீட்டர் ஆழம், மேலே நிழல் கிடையாது, ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணி நேரப் பகல். பழைய மணல் வடிகட்டியோ குளோரின் தண்ணீருக்கானது. மீன் கழிவில் இரண்டே நாளில் அடைத்துக்கொள்கிறது. வெயிலும் எருவும் இருந்தால் வயலில் நெல் விளையும், நமக்குப் பாசி விளைகிறது. (எருவில் ஒரு பங்கு, மாலையில் நாம் வீசும் ரொட்டி. பிள்ளைகள் சொன்னால் கேட்கிறார்கள், தாத்தாக்கள்தான் கேட்பதில்லை.)

குழு செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறோம். மார்ச் மாதம் பாசிக்கொல்லி ஊற்றினோம். பாசி மொத்தமாகச் செத்து அழுகியதில், தண்ணீரில் இருந்த பிராணவாயு தீர்ந்தது. மூன்றாம் நாள் விடியுமுன் நடைப்பயிற்சிக்கு வந்த ஓர் அம்மாதான் பார்த்தார்: கோய் மீன்கள் அத்தனையும் வாயை மேலே நீட்டித் தவித்துக்கொண்டிருந்தன. பதினொன்றைப் புதைத்தோம்.

தண்ணீரை மாற்றிவிடலாமே என்பீர்கள். ஏறக்குறைய 86,000 லிட்டர். குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோராமினை முறிக்காமல் விட்டால் மீன் தாங்காது. முறித்து நிரப்பினாலும் வெயில் பட்டதும் மறுபடி பச்சைதான்.

ஆகவே மீன் கழிவிலிருந்து வரும், மீனுக்கு நஞ்சான அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா குடியேற ஓர் உயிரி வடிகட்டி, அதற்கேற்ற பம்பு, மிதக்கும் பாசியைத் தாக்கும் புற ஊதா விளக்கு, பாதிக் குளத்துக்கு நிழல் வலை ஆகியவற்றை வாங்கவிருக்கிறோம். ஓரத்தில் கங்கோங் கீரை வளர்ப்போம், பாசிக்கு எருவாகும் நைட்ரேட்டை அது உறிஞ்சிக்கொள்ளும். பறித்துச் சமைக்க வேண்டாம், பாசிக்கொல்லி கண்ட குளம் இது.

மொத்தச் செலவு 6,800 வெள்ளி. கையிருப்பு 2,150. மீதியை 62 வீடுகளும் பகிர்ந்தால் வீட்டுக்கு 75 வெள்ளி. கூடுதலாகத் தருபவர்கள் தாராளமாகத் தரலாம். பணம் தர இயலாதவர்கள் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தூரிகையோடு வாருங்கள். சுவரில் பிடித்த நூல்பாசியை எந்த விளக்கும் ஒன்றும் செய்யாது.

ரசீதுப் புத்தகம் பாதுகாவலர் அறையில் இருக்கிறது. செலவுக் கணக்கு மாதந்தோறும் மின்தூக்கி அருகே ஒட்டப்படும்.

மீன்குளக் குழு