டர்ன்டேபிள் பீடத்துக்குப் புளியமரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய இசைத்தட்டு கேட்கிறவர்கள், தட்டைச் சுழற்றிப் பாட வைக்கும் டர்ன்டேபிளுக்கு மரப் பீடம் செய்ய ஆசாரியிடம் போனால், நம் ஊரில் முதலில் வருகிற பதில் தேக்கு. தேக்கு வளையாது, கரையான் அண்டாது, பாலிஷ் நன்றாக ஏறும், நிலைக்கும் கதவுக்கும் அருமையான மரம். ஆனால் பீடத்துக்கு முதலில் வேண்டியது எடை, அதில் தேக்கு நடுத்தரம்தான், கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ. வைரம் பாய்ந்த புளி 900-ஐத் தாண்டும். 50 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 8 செ.மீ. கனத்தில் செய்தால் தேக்கில் 10 கிலோ சொச்சம், புளியில் 14-க்கு மேல்.

இந்த நாலு கிலோ எதற்கு என்றால், ஊசி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அசைவைக்கூட ஒலியாக்கிவிடும், அது தட்டின் வரியிலிருந்து வந்ததா மோட்டாரின் உதறலா என்று அதற்குத் தெரியாது, பீடம் கனமாக இருந்தால் அந்த உதறல் குறையும். 1950-களில் வந்த காரர்டு 301 மாதிரி ரப்பர் சக்கரம் உரசித் தட்டைச் சுற்றுகிற இயந்திரங்களில் அந்த உறுமல் சீக்கிரம் காதில் விழும், அதனால்தான் அவற்றுக்குக் கனத்த பீடமாகத் தேடுகிறார்கள். எடையோடு, மரம் அதிர்வை உள்ளேயே அடக்கவும் வேண்டும். வீணைக்குப் பலாவை எடுப்பது அது அதிர்ந்து பாடும் என்பதால், இங்கே நமக்கு வேண்டியது நேர் எதிர். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், கணீரென்று நீண்டால் விட்டுவிடுங்கள், டொக்கென்று நின்றால் எடுங்கள். மேலூர் கிரானைட் மரத்தைப் போல மூன்று மடங்கு கனம்தான், ஆனால் தனியாக வைத்தால் கணீரென்னும், மரத்துக்கு அடியில் ஒரு பலகையாகப் போடலாம். தோதகத்தி (ஈட்டி, ரோஸ்வுட்) நல்ல மரம், அதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. கருங்காலி விலை கட்டாது.

புளியில் ஒரு சிக்கல், வைரம் வயதான மரத்தில்தான் இருக்கும், அதுவும் நடுவில் கொஞ்சமாக, கருஞ்சிவப்பாக. வெளிப்பக்கத்து வெளிர் மரத்தில் பூச்சி விழும். அப்படி வயதான மரங்கள்தான் மதுரையைச் சுற்றிச் சாலை ஓரங்களில் நின்றன, நான்கு வழிச்சாலைக்காக வெட்டப்பட்டும் போயின. இனியும் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், கிளைகளை விறகுக்கு விட்டுவிட்டு அடிமரத்தைத் தனியாக ஏலம் விடச் சொல்லி உங்கள் பத்திரிகை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆசாரிகளும் சின்ன அறுவை மில்காரர்களும் எடுத்துக்கொள்வார்கள். நூறு வயது மரம் சூளையில் எரிந்து போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

அப்புறம், அறுத்த பலகையை வெயிலில் போடாதீர்கள், புளி வெடித்துவிடும். இரண்டு முனையிலும் பெயின்ட் அடித்து, இடையில் சட்டம் கொடுத்து நிழலில் அடுக்கி, ஒரு வருஷமாவது காய்ந்த பிறகு ஆசாரியிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செல்லூர், மதுரை.