குவாண்டம் சாவி முதலில் கடலைத் தாண்டட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

குவாண்டம் தகவல் தொடர்பு பற்றிய ஞாயிறு பதிப்புக் கட்டுரை, கோலாலம்பூரையும் பினாங்கையும் ஒரே ஒளியிழையில் இணைத்துவிடலாம் என்பதுபோல் முடிந்திருந்தது. தகவலைப் பூட்டித் திறக்கும் ரகசிய எண்ணை, அதாவது சாவியை, போட்டான் எனும் ஒற்றை ஒளித்துகள்களில் அனுப்பும் முறை இது. தூரம் ஏறத்தாழ 350 கி.மீ. கணக்கு அங்கேதான் உதைக்கிறது.

நல்ல ஒளியிழையிலும் கி.மீட்டருக்கு 0.2 டெசிபல் ஒளி குறையும். 350க்கு 70 டெசிபல் (ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒளி பத்திலொன்றாகும்); கோடி போட்டானில் ஒன்றுதான் மறுமுனை சேரும். நொடிக்கு 100 கோடி அனுப்பினாலும் வந்து சேர்வது நூறு. சாதாரண உணர்கருவியோ ஒளியே படாதபோதும் அதைவிட அதிகமாகப் பொய்க் கணக்குக் காட்டும். நடுவில் பெருக்கி வைக்கவும் வழியில்லை. முன்பின் தெரியாத போட்டானின் நிலையை அப்படியே நகலெடுக்க முடியாது. ஒட்டுக்கேட்பவன் மாட்டிக்கொள்வதும் அதனால்தான்.

2017இல் சீனா திறந்த பெய்ஜிங்–ஷாங்காய் தடமும் நேர் இழையல்ல. வழிநெடுக நிலையங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் சாவி வெளிப்பட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. நம் வழியில் நடுவே ஈப்போவில் அப்படி ஓர் அறை வைத்தால் அதைக் காப்பது யார்? இயற்பியலிடம் அதற்குப் பதில் இல்லை.

பினாங்குத் தீவிலிருந்து கடலுக்கு எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறைக்கு என்றால் கதை வேறு. 25 கி.மீ. இழைக்கு 5 டெசிபல். இழைகளை இணைக்கும் கனெக்டர் ஆறு, தலைக்கு 0.5 என்றால் இன்னும் 3. ஆறில் ஒரு போட்டான் தேறும். இங்கே எமன் ஒற்றன் அல்ல, அழுக்கு. கனெக்டர் முனையில் விரல் பட்ட கறை 3 டெசிபல் தின்றால் சாவி வரும் வேகம் பாதியாகிவிடும். மாட்டும் முன் ஒவ்வொரு முறையும் முனையை நுண்ணோக்கியில் பார்த்து, துடைத்து, திரும்பவும் பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான்.

இணையத் தரவு ஓடும் இழையையே பகிர்வதானால் தரவு 1550 நானோமீட்டர் அலைநீளத்தில், குவாண்டம் ஒளி 1310இல் போகட்டும். 1310இல் இழப்பு கி.மீட்டருக்கு 0.35 டெசிபலாகக் கூடும். இந்தத் தூரத்துக்குத் தாங்கும். இரண்டின் அலைநீளத்தையும் அருகருகே வைத்தால் தரவு ஒளியின் சிதறல் (திருச்சிக்காரர் சி.வி. ராமன் கண்டறிந்த அதே சிதறல்தான்) போட்டான்களை மூழ்கடிக்கும். வந்து சேரும் பிட்களில் பிழை 11 சதவீதத்தை எட்டினால் சாவியே கிடைக்காது.

வேகம் குறைவே என்ற கவலை வேண்டாம். 256 பிட் சாவியை நொடிக்கொரு முறை மாற்ற, நொடிக்கு 256 பிட் போதும்.

விற்க வருபவரிடம் கேட்க வேண்டியது வேறு: எத்தனை டெசிபல் இழப்பு வரை சாவி வரும்? மறுமுனையில் இருப்பது நம் ஆள்தான் என்று கருவி எப்படி உறுதிசெய்கிறது? அதற்கு முன்கூட்டிப் பகிர்ந்த ரகசியமோ, 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தரநிலை நிறுவனம் வெளியிட்டது போன்ற புதிய கணித மின்னணுக் கையொப்பமோ வேண்டும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் விலைப்பட்டியலில் பதில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒளியிழைத் துறை வாசகர்கள்,
பாயான் லெப்பாஸ், பினாங்கு