பாட்டியின் 7 வெள்ளி 40 காசு: தமிழ்ச் சபைகளின் மிஷன் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளின் மிஷன் குழுவினருக்கு,

ஸ்தோத்திரம். நம் பழைய கதைகளைத் தேடிப் பதிவு செய்யப் போகிறவர்களுக்கு மிஷன் காணிக்கையில் ஒரு சின்னத் தொகையை ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஈசூனில் ஒரு மூவறை வீடு. அங்கே இருக்கும் பாட்டிக்கு 91 வயது. போன டிசம்பரில் கேரல் பாடப் போனபோது, மற்றவர்கள் முறுக்கும் பண்டான் கேக்கும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, பாட்டி என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு ஒரு பழைய மைலோ டின்னைத் திறந்தார். ஞானஸ்நானச் சீட்டுகள், அட்டை மட்டும் மிஞ்சிய ஒரு கீர்த்தனைப் புத்தகம், அப்புறம் ஒரு கணக்கு நோட்டு.

அவருடைய அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். தளத்துக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு மாறி நடந்த ஜெபக்கூட்டத்துக்கு அவர்தான் பொருளாளர். 1953ஆம் ஆண்டு அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்ட கணக்கு ஒரு பக்கம் முழுக்க இருந்தது: சேவல் 1, பூசணிக்காய் 2, பின்னல் மேசை விரிப்பு 1. கடைசி வரி வேறு மையில்: 'இந்திய மிஷனரி சங்கத்துக்கு அனுப்பியது 7 வெள்ளி 40 காசு.'

1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பியது. குடியிருப்பில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அந்த நோட்டு மட்டும் எப்படியோ டின்னுக்குள் பிழைத்துக்கொண்டது. கூலிக்காரர்களின் காசு அந்தச் சங்கம் இருந்த பாளையங்கோட்டைக்கு எப்படிப் போனது, யார் வாங்கினார்கள், பதில் கடிதம் வந்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. பாட்டியையும் அவர் வயதுள்ள இன்னும் ஐந்து பேரையும் பேசவைத்துப் பதிவு செய்வது, பிறகு இரண்டு வாரம் பாளையங்கோட்டையில் தங்கிப் பழைய பதிவேடுகளைத் தேடுவது. மொத்தம் 950 வெள்ளி. ஒரு மிஷன் குழுவிடம் கேட்டேன். எந்தக் குழு என்பது இங்கே வேண்டாம்.

படிவத்தில் 'சந்திக்கப்படும் ஆத்துமாக்களின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். 6 என்று எழுதினேன். ஆராய்ச்சிக்கு மிஷன் காணிக்கையைத் தொட முடியாது, பல்கலைக்கழகத்தில் கேட்டுப் பாருங்கள் என்று பதில் வந்தது. அதே மாதம் 18 பேர் ஒரே நிற டி-சட்டையில் ஐந்து நாள் மிஷன் பயணம் கிளம்பினார்கள். அதில் எனக்குப் பொறாமை இல்லை, நானே இரண்டு முறை அப்படிப் போனவன்தான். இரண்டாவது முறை, எங்களுக்குச் சமைத்துப் போட்டே அந்த ஊர்ப் போதகரின் மனைவி ஆயரம்மா களைத்துப்போனார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேச எங்களில் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. போட்டோ மட்டும் நிறைய எடுத்தோம்.

அந்தக் கட்டம் புதிதும் அல்ல. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, தமிழர்களிடம் கேட்டும் ஏடுகளைப் படித்தும், அவர்கள் வணங்கிய தெய்வங்களைப் பற்றி ஒரு நூல் எழுதி 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கிருந்த மிஷன் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்த நம்பிக்கைகளை வேரறுக்க அனுப்பிய ஆள், அவற்றை ஐரோப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்தார்கள். 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது. 154 வருடம்! அந்தக் காலத்துத் தமிழ் மக்கள் எதை நம்பினார்கள் என்று அறிய இன்றைக்கும் ஆய்வாளர்கள் அவரிடம் போகிறார்கள். ஹாலேக்காரர்கள் மேல் கோபப்பட்டு என்ன பயன்? அவர்களுக்கும் ஒரு கட்டம் இருந்தது, இந்த நூல் அதற்குள் அடங்கவில்லை.

போய்ப் பார்த்து வருவதாலும் காரியம் நடக்கும். திருநெல்வேலிப் பக்கத்து ஊழியரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசில் தமிழகத்துக்கே ஊழியரை அனுப்பியிருந்தார்கள். நம் திருநெல்வேலிச் சபைகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று அவருக்கு உறுத்தியது. அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. பாட்டியின் அப்பா 7 வெள்ளி 40 காசு அனுப்பியது அந்தச் சங்கத்துக்குத்தான். அசரியா அன்று அந்தப் படிவத்தை நிரப்பியிருந்தால், எண்ணிக்கைக் கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்?

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஒவ்வொரு சபையும் மிஷன் காணிக்கையில் வருடம் ஒரு 3,000 வெள்ளியைத் தனியாக வையுங்கள். இப்படித் தேடிப் பதிவு செய்யப் போகிறவர்களுக்கு 500, 1,000 என்று சின்னச் சின்னத் தொகையாகக் கொடுங்கள். இறையியல் மாணவர்தான் வர வேண்டும் என்றில்லை. டாக்சி ஓட்டுநர் கேட்கலாம், தாதி கேட்கலாம், பாலிடெக்னிக் பிள்ளை கேட்கலாம். விண்ணப்பம் ஒரு பக்கம் போதும், தமிழிலேயே. பணத்தைப் போகிறவர் கையில் கொடுங்கள். இந்திய நிறுவனத்துக்கு நேரே அனுப்பப் போனால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே வரும். எந்த விசாவில் போவது என்பதையும் முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கம் செய்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பொருளாளர்களுக்குத் தனியாக ஒன்று: டவுன் பஸ் டிக்கெட்டின் எழுத்து ஒரே மாதத்தில் அழிந்துவிடும். போய் வந்தவர் கணக்குக் காட்ட வெள்ளைச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினால் நம்புங்கள்.

திரும்பி வந்தவர் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் 20 நிமிடம் பேசட்டும். பதிவின் பிரதி ஒன்று சபை அலுவலகத்தில் இருக்கட்டும். தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாறு சேகரிக்கிறதே என்று ஒரு மூப்பர் சொன்னார். உண்மைதான், நல்ல வேலை. ஆனால் சேவல் ஏலத்தைப் பற்றிக் கேட்க அவர்கள் ஈசூனுக்கு வருவார்கள் என்று நான் காத்திருக்க முடியாது.

போன வாரம் பாட்டி போன் செய்தார். "அந்தக் காசு போய்ச் சேந்துச்சான்னு பாத்தியா தம்பி?"

"இன்னும் இல்ல பாட்டி, கமிட்டி கூடட்டும்" என்றேன்.

இப்படிக்கு,
செம்பவாங்கிலிருந்து ஒரு சபை உறுப்பினன்