கிருமியே இல்லாமல் காய்ச்சல் ஏன் என்று கேட்ட தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

விபத்தில் எலும்பு நொறுங்கி வந்தவருக்கு உடம்பு கொதிக்கிறது, ரத்த கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை, அப்புறம் எதை எதிர்த்து இந்தக் காய்ச்சல் என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. விடையில் பெரும்பங்கு மைட்டோகாண்ட்ரியாவுக்கு உண்டு.

செல்லுக்கு ஆற்றல் தருவது என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அது தனியாக வாழ்ந்த பாக்டீரியா. 1967-இல் லின் மார்குலிஸ் என்ற உயிரியலாளர் இதை எழுதியபோது ஏற்கத் தயங்கியவர்கள் பலர். இன்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் பழைய அடையாளங்கள் இன்னும் போகவில்லை. மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. பாக்டீரியாவுக்கு இருப்பதைப் போலவே வட்டமானது. 16,569 கார இணைகள், 37 ஜீன்கள். புரதம் கட்டும்போது முதலில் வைக்கும் அமினோ அமிலமும் பாக்டீரியா வைக்கிற அதே ஃபார்மைல் மெத்தியோனின்.

உள்ளே இருக்கிறவரை சரி. எலும்பும் தசையும் நசுங்கிச் செல்கள் உடைந்தால் இதெல்லாம் ரத்தத்தில் கலந்துவிடும். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபிலின் மேற்பரப்பில் ஃபார்மைல் துண்டுகளைப் பிடிப்பதற்கென்றே ஓர் ஏற்பி உண்டு. துண்டு பாக்டீரியாவிலிருந்து வந்ததா, நொறுங்கிய தொடைத் தசையிலிருந்து வந்ததா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நோய் எதிர்ப்புச் செல்லுக்குள் இருக்கும் டி.எல்.ஆர்.9 என்ற ஏற்பி அந்த டி.என்.ஏ.வையும் கிருமியுடையது என்றே எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான், அழற்சி தொடங்கிவிடும், கூடவே காய்ச்சலும் வரும். பலத்த காயம்பட்டவர்களின் ரத்தத்தில் இந்த டி.என்.ஏ. மிக அதிகமாக இருப்பதை 2010-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

அதற்காக, கல்ச்சரில் ஒன்றும் இல்லை என்றதும் தொற்றே இல்லை என்று நினைத்துவிடாதே. கல்ச்சருக்குத் தப்பும் தொற்றுகளும் உண்டு. காயத்தைப் பார்த்துக்கொண்டே இரு.

செல் உடையாமலும் இது நடக்கும். பழுதான மைட்டோகாண்ட்ரியாவைச் செல்லே அவ்வப்போது அழித்துவிடும். பிங்க்1, பார்கின் என்ற புரதங்கள் அதற்கு உதவுகின்றன. அந்தத் துப்புரவு தடைபட்டு டி.என்.ஏ. சைட்டோபிளாசத்தில் கசிந்தால் சி-காஸ் என்ற நொதி அதைப் பிடித்து, ஸ்டிங் என்ற புரதம் வழியாக, வைரஸ் வந்தால் சுரக்கும் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரானைச் சுரக்க வைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஆர்.என்.ஏ. வைரஸ் நுழைந்ததும் எச்சரிக்கையை முன்னெடுத்துச் செல்லும் மேவ்ஸ் புரதம், மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில்தான் உட்கார்ந்திருக்கிறது. 2005-இல் கண்டுபிடித்தார்கள். வைராலஜி வகுப்பு தொடங்கியதும் அதைக் கேட்டு எழுது.

அன்புடன்,
அக்கா